ஒரே கேள்விக்கு மூன்று சரியான விடை: பழைய சினிமா வினாடி வினாவில் சண்டை வரும் இடங்கள்

எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் முதல் தமிழ்ப் பாட்டு எது என்று நாலு பேர் இருக்கும் இடத்தில் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் யோசிக்காமல் ‘ஆயிரம் நிலவே வா’ என்பார்கள். கொஞ்சம் விஷயம் தெரிந்த ஒருவர், பெரும்பாலும் பின்வரிசையில்தான் உட்கார்ந்திருப்பார், ‘இயற்கை என்னும் இளைய கன்னி’ என்று திருத்துவார். அவரையும் திருத்துவதற்கு ஒருவர் இருப்பார்: இரண்டும் இல்லை, ‘ஹோட்டல் ரம்பா’ என்று ஒரு படம், எல்.ஆர். ஈஸ்வரியோடு பாடியது, படம் வெளியே வரவே இல்லை. வேடிக்கை என்னவென்றால் மூன்று பேர் சொல்வதும் சரி.

1969 மே 1-ஆம் தேதி ‘அடிமைப் பெண்’ வெளியானது. கே.வி. மகாதேவன் இசையில் புலமைப்பித்தன் எழுதிய ‘ஆயிரம் நிலவே வா’ அதில்தான் இருக்கிறது. அதே மாதம் 23-ஆம் தேதி ‘சாந்தி நிலையம்’ வந்தது, அதில் எம்.எஸ். விஸ்வநாதன் இசை, கண்ணதாசன் வரிகள், ‘இயற்கை என்னும் இளைய கன்னி’. தியேட்டரில் போய்க் கேட்ட ஜனங்களுக்கு முதலில் காதில் விழுந்தது எம்.ஜி.ஆர். பாட்டு. ஆனால் ஒலிப்பதிவுக் கூடத்தில் முதலில் பதிவானது ஜெமினி கணேசன் பாட்டு. அதற்கும் முன்னால் விஸ்வநாதன் இசையிலேயே பதிவானது ‘ஹோட்டல் ரம்பா’ பாட்டு. நடுவில் எஸ்.பி.பி.க்கு டைபாய்டு வந்து படுத்துவிட்டதும், எம்.ஜி.ஆர். வேறு பாடகரைப் போட்டு முடிக்காமல் காத்திருந்ததும் ஊரறிந்த கதை, எஸ்.பி.பி.யே பல மேடைகளில் நெகிழ்ந்து சொன்னது. இதில் ‘தமிழ்’ என்பதை விட்டுவிட்டு வெறுமனே முதல் பாட்டு எது என்று கேட்டால் இந்த மூன்றுமே அவுட். 1966 டிசம்பரில் ‘ஸ்ரீ ஸ்ரீ ஸ்ரீ மரியாத ராமண்ணா’ என்ற தெலுங்குப் படத்துக்குப் பாடியதுதான் அவருடைய முதல் சினிமாப் பாட்டு.

ஆக, தப்பு பதில் சொன்னவர்களிடம் இல்லை, கேள்வியில் இருக்கிறது. பழைய சினிமா, ரேடியோ, பத்திரிகை பற்றிய வினாடி வினாக்களில் வரும் சண்டையில் முக்கால்வாசி இந்த ரகம்தான். ஒரு பாட்டுக்குப் பதிவான நாள் ஒன்று, வெளிவந்த நாள் ஒன்று. ஒரு படத்துக்கு ஒப்பந்தமான நாள், தணிக்கை முடிந்த நாள், பேப்பரில் விளம்பரம் வந்த நாள், திரைக்கு வந்த நாள் என்று வரிசையாக இருக்கும். கேள்வி தயாரிப்பவர் இதில் எதைப் பிடித்துக்கொண்டார் என்பதைச் சொல்லாமல் ‘முதல்’ என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்.

இதற்குப் பெரிய உதாரணம் எல்லோரும் பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம் செய்த விடைதான். தமிழின் முதல் பேசும் படம் ‘காளிதாஸ்’, 1931 அக்டோபர் 31, சென்னை கினிமா சென்ட்ரல் தியேட்டர், இயக்குநர் எச்.எம். ரெட்டி, நாயகி டி.பி. ராஜலட்சுமி. சரி, இதில் என்ன சிக்கல்? படத்தில் ராஜலட்சுமி தமிழில் பேசுவார், காளிதாசனாக நடித்த பி.ஜி. வெங்கடேசனுக்குத் தமிழ் சரளமாக வராததால் தெலுங்கில் பேசுவார், துணைப் பாத்திரங்கள் சிலர் இந்தியில் பேசுவார்கள். காதலி தமிழில் கேட்க, காதலன் தெலுங்கில் பதில் சொல்ல, ஜனங்கள் அதையும் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். படம் எடுக்கப்பட்டது சென்னையில்கூட இல்லை, பம்பாயில், இந்தியாவின் முதல் பேசும் படமான ‘ஆலம் ஆரா’வுக்குப் போட்டிருந்த செட்டிலேயே. காளிதாசன் கதைக்கு நடுவே காந்தியின் ராட்டினத்தைப் பற்றி ஒரு பாட்டு, தியாகராஜர் கீர்த்தனை என்று கலந்துகட்டி இருந்தது. அன்றைக்கு மேடை நாடகம் அப்படித்தான் இருந்தது, யாரும் கேள்வி கேட்கவில்லை.

ஆகவே ‘முதல் தமிழ்ப் பேசும் படம்’ என்ற பட்டத்தைத் தமிழ் பேசிய முதல் படம் என்று எடுத்துக்கொண்டால் ‘காளிதாஸ்’ சரி, முழுக்கத் தமிழே பேசிய படம் என்று எடுத்துக்கொண்டால் விடை வேறு. சென்னையிலேயே தயாரான முதல் பேசும் படம் எது என்று கேட்டால் அது 1934-இல் ஏ. நாராயணன் எடுத்த ‘ஸ்ரீநிவாச கல்யாணம்’. அந்தப் படத்தைப் பற்றி எனக்குப் பிடித்த விவரம் தேதி இல்லை, அவருடைய மனைவி மீனாட்சி நாராயணன்தான் அங்கே ஒலிப்பதிவைக் கவனித்தவர் என்பது. இந்தியாவின் முதல் பெண் ஒலிப்பதிவாளர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். இந்தக் கேள்வியை யாராவது கேட்டு நான் பார்த்ததில்லை, ராஜலட்சுமியைப் பற்றி மட்டும்தான் கேட்கிறார்கள். அதிலும் பாதிதான். அவர் 1936-இல் ‘மிஸ் கமலா’ என்ற படத்தை இயக்கி, தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநர் ஆனவர். இந்தியா என்று கேட்டால் மட்டும் பத்து வருஷம் முன்னாலேயே மௌனப் படம் இயக்கிய பாத்மா பேகம் வந்து நிற்பார்.

இன்னொன்று கவனிக்க வேண்டும். விடை என்பது நிலையானது என்று நாம் நினைக்கிறோம், இல்லை, மாறும். தெலுங்கின் முதல் பேசும் படமான ‘பக்த பிரகலாதா’ 1931 செப்டம்பர் 15-இல் வெளியானது என்றுதான் பல பத்தாண்டுகளாக எழுதிவந்தார்கள். அந்தக் கணக்கில் தென்னிந்தியாவின் முதல் பேசும் படம் அதுதான், ‘காளிதாஸ்’ இரண்டாவது. பிறகு பழைய பத்திரிகைகளையும் பதிவுகளையும் தோண்டிப் பார்த்ததில் அது திரைக்கு வந்தது 1932 பிப்ரவரி 6 என்று தெரியவந்தது. ஒரே நாளில் ‘காளிதாஸ்’ ஒரு படி மேலே ஏறிவிட்டது. இரண்டு படத்துக்கும் இயக்குநர் அதே எச்.எம். ரெட்டி என்பதால் அவருக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. பழைய வினாடி வினாப் புத்தகம் கையில் வைத்திருப்பவர் மட்டும்தான் பாவம்.

ஏன் இப்படி ஒரு தேதியை உறுதி செய்வதற்கே இத்தனை காலம் ஆகிறது? படத்தையே போட்டுப் பார்த்துவிடலாமே என்றால், படமே கிடையாது. ‘காளிதாஸ்’ பிரதி இல்லை. ‘ஆலம் ஆரா’ பிரதியும் இல்லை. அந்தக் காலத்து ஃபிலிம் நைட்ரேட் அடிப்படையில் செய்யப்பட்டது, சட்டென்று தீப்பிடிக்கும், தீப்பிடிக்காவிட்டாலும் நாளாக ஆக உளுத்துப் பொடியாகும். இது போதாது என்று, ஓடி முடிந்த படச்சுருளிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுத்து விற்றவர்களும் உண்டு. ஓடி முடிந்த படத்துக்கு மறுபடியும் மதிப்பு வரும் என்று யாரும் நினைக்கவில்லை. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964-இல்தான் தொடங்கியது. அதாவது பேசும் படம் வந்து 33 வருஷம் கழித்து. அதற்குள் போக வேண்டியது எல்லாம் போய்விட்டது.

படம் போன பிறகு மிஞ்சியது பாட்டுப் புத்தகம். தியேட்டர் வாசலில் சில காசுகளுக்கு விற்ற மெல்லிசான சாணித்தாள் புத்தகம், முதல் பக்கத்தில் நடிகர் பட்டியல், அப்புறம் கதைச் சுருக்கம், கதை சூடு பிடிக்கிற இடத்தில் ‘மிகுதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று நிறுத்திவிட்டுப் பாட்டு வரிகளைத் தொடங்கிவிடுவார்கள். அந்த வரியைப் படித்து அன்றைக்குச் சிரித்தவர்கள் இருப்பார்கள். இன்றைக்கு எத்தனையோ படங்களுக்கு அந்த மிகுதியைக் காண வழியே இல்லை. யார் நடித்தார், எத்தனை பாட்டு என்ற கேள்விக்கெல்லாம் கடைசிச் சாட்சி அந்தச் சாணித்தாள்தான்.

இதையெல்லாம் சேர்த்து வைத்தவர் ஃபிலிம் நியூஸ் ஆனந்தன். 1958-இல் ‘நாடோடி மன்னன்’ படத்திலிருந்து மக்கள் தொடர்பாளராக இருந்தவர், தமிழ் சினிமாவில் அந்த வேலைக்கே அவர்தான் முதல் ஆள். படம் படமாகத் தகவல் எழுதி, ஸ்டில், விளம்பரம், பாட்டுப் புத்தகம் என்று சேர்த்தார். அந்தச் சேகரிப்பைப் பிறகு தமிழக அரசே வாங்கிக்கொண்டது. இன்று நாம் போட்டிகளில் கேட்கும் பழைய சினிமா விடைகளில் கணிசமானவை எங்கே தொடங்கின என்று பின்னோக்கிப் போனால் பெரும்பாலும் அந்த மனிதரின் நோட்டில் போய் நிற்கும். அது பெரிய கொடை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பத்துப் புத்தகத்தில் ஒரே விடை இருக்கிறது என்பதற்காக அது பத்துச் சாட்சி ஆகிவிடாது, பத்துப் பேரும் ஒரே இடத்திலிருந்து எடுத்திருக்கலாம். வினாடி வினா ஆடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

பேசும் படத்துக்கு முன்னால் போனால் இன்னும் குழப்பம். முதல் தமிழ்ப் படம் ‘கீசக வதம்’ என்பார்கள், எடுத்தவர் ஆர். நடராஜ முதலியார், மோட்டார் வாகன உதிரி பாகம் விற்றுக்கொண்டிருந்தவர், கீழ்ப்பாக்கத்தில் ஸ்டூடியோ போட்டவர். வருஷம் கேட்டால் ஒருவர் 1916 என்பார், இன்னொருவர் 1917, இன்னொருவர் 1918. மூன்றுக்கும் எழுதிவைத்த ஆதாரம் காட்டுவார்கள், படம் மட்டும் யாரிடமும் இல்லை. அது மௌனப் படம் வேறு. பேச்சே இல்லாத படத்தைத் தமிழ்ப் படம் என்று எதை வைத்துச் சொல்கிறோம்? எடுத்த ஊரும், எடுத்த ஆளும், நடுநடுவே காட்டிய எழுத்து அட்டையும்தான். அட்டைகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்கூட இருந்தன. அதனால் ‘தென்னிந்தியாவின் முதல் கதைப் படம்’ என்று கேட்பது பாதுகாப்பு, வருஷத்தைக் கேட்காமல் இருப்பது அதைவிடப் பாதுகாப்பு.

முதல் தியேட்டர் விஷயமும் இப்படித்தான். சென்னை மவுண்ட் ரோட்டில் 1913-இல் வார்விக் மேஜர் என்ற வெள்ளைக்காரர் கட்டிய எலக்ட்ரிக் தியேட்டர் ஒரு விடை, அந்தக் கட்டடம் இன்றும் அண்ணா சாலைத் தபால் நிலைய வளாகத்துக்குள் இருக்கிறது. இந்தியர் ஒருவர் சென்னையில் கட்டிய முதல் தியேட்டர் என்றால் 1914-இல் ரகுபதி வெங்கையாவின் கெயிட்டி. அதே 1914-இல் கோயம்புத்தூரில் சாமிக்கண்ணு வின்சென்ட் கட்டிய வெரைட்டி ஹால் இன்னொரு விடை. இந்த சாமிக்கண்ணு திருச்சியில் ரயில்வே வேலை பார்த்தவர், 1905-இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து ப்ரொஜக்டரையும் படங்களையும் வாங்கிக்கொண்டு, வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டக் கிளம்பிவிட்டார். கோயம்புத்தூர்க்காரர் முன்னால் கெயிட்டி என்று சொல்லிப் பாருங்கள், தெரியும்.

இனி வண்ணம். முதல் கலர் படம் எது என்பது எம்.ஜி.ஆர்., சிவாஜி ரசிகர்களுக்கு நடுவே காலம் காலமாக நடக்கும் சண்டை. எம்.ஜி.ஆர். பக்கம் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’, 1956, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், டி.ஆர். சுந்தரம். சிவாஜி பக்கம் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, 1959. இரண்டும் சரி, எப்படி என்றால் முன்னது முழு நீளமும் கேவா கலர் என்ற வண்ண ஃபிலிமில் வந்த முதல் தமிழ்ப் படம், பின்னது முதல் டெக்னிகலர் தமிழ்ப் படம். கட்டபொம்மனைப் படம் பிடித்தது கேவா கலரில்தான், பிரதி போட்டது லண்டனில் டெக்னிகலரில். ‘முழு நீள’ என்ற அடைமொழி ஏன் தேவைப்பட்டது என்றால் அதற்கு முன்பே சில படங்களில் ஏதாவது ஒரு பகுதியை மட்டும் வண்ணத்தில் எடுத்துக் காட்டியிருந்தார்கள். ‘அலிபாபா’ வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. 1958-இல் வந்த ‘நாடோடி மன்னன்’ கறுப்பு வெள்ளையில் ஆரம்பித்துப் பின்பகுதி வண்ணத்துக்கு மாறும். பானுமதி இருக்கும் வரைக்கும் கறுப்பு வெள்ளை, சரோஜாதேவி வந்தபின் கலர் என்று ஞாபகம் வைத்துக்கொள்பவர்கள் உண்டு. கலர் ஃபிலிம் விலை அப்படி, சொந்தப் பணத்தைப் போட்டு எடுத்த எம்.ஜி.ஆரே பாதியைத்தான் வண்ணத்தில் எடுத்தார்.

அப்புறம் ஈஸ்ட்மன் கலர் என்ற இன்னொரு வண்ண ஃபிலிம் வந்தது. 1964 பொங்கலுக்கு ‘கர்ணன்’, பிப்ரவரி கடைசியில் ‘காதலிக்க நேரமில்லை’, இரண்டும் ஈஸ்ட்மன் கலர். முந்திக்கொண்டது ‘கர்ணன்’, ஆகவே ‘காதலிக்க நேரமில்லை’க்குக் கிடைத்த பட்டம் ‘ஈஸ்ட்மன் கலரில் முதல் சமூகப் படம்’. இந்த அடைமொழிகள் சும்மா வந்தவை அல்ல. போஸ்டரில் ‘முதல்’ என்று போட்டால் கூட்டம் வரும், ஆகவே ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஏதாவது ஒரு முதலைத் தேடிப் பிடித்தார். 1973-இல் ‘ராஜராஜ சோழன்’ முதல் சினிமாஸ்கோப், 1986-இல் ‘மாவீரன்’ முதல் 70 எம்.எம். நாம் இன்று பொது அறிவு என்று படிப்பதில் நிறைய அன்றைக்கு விளம்பர வாசகமாகப் பிறந்தது.

எத்தனை நாள் ஓடியது என்ற கணக்கு இன்னும் மோசம். ‘ஹரிதாஸ்’ எத்தனை நாள் ஓடியது என்று கேட்டால் ஆளுக்கொரு எண் சொல்வார்கள். மூன்று தீபாவளி கண்ட படம் என்று சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். 1944 தீபாவளிக்குச் சென்னை பிராட்வே தியேட்டரில் வந்தது, 1945 தீபாவளிக்கும் ஓடியது, 1946-க்கும் ஓடியது. எண்ணைவிட எனக்கு ஆச்சரியம் வேறு ஒன்று. படம் வந்த அடுத்த மாதமே சினிமா வம்புப் பத்திரிகை நடத்திய லட்சுமிகாந்தனின் கொலை நடக்கிறது, அந்த வழக்கில் தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதாகிறார்கள், தண்டனை ஆகிறது, லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் மேல்முறையீடு போகிறது, 1947 ஏப்ரலில்தான் இருவரும் விடுதலை. அதாவது அந்தச் சாதனை ஓட்டத்தின் பெரும்பகுதியில் படத்தின் நாயகன் சிறையில் இருந்தார். ஊரே ‘மன்மத லீலையை’ முணுமுணுத்துக்கொண்டிருக்க, பாடியவர் கம்பிக்குப் பின்னால். கேள்வி என்றால் இப்படி ஒன்று கேட்கலாமே, நாள் கணக்கைக் கட்டிக்கொண்டு ஏன் அழ வேண்டும்.

பாட்டு விஷயத்தில் நினைவு ஏமாற்றுவது வேறு மாதிரி. அறுபதுகளின் பாட்டு என்றாலே இசை விஸ்வநாதன், வரி கண்ணதாசன் என்று வாய் தானாகச் சொல்லிவிடும். பெரும்பாலும் சரியாகவும் இருந்துவிடும், அதுதான் ஆபத்து. ‘மாதவிப் பொன் மயிலாள்’ பாட்டைக் கண்ணதாசன் எழுதியதாக அடித்துப் பேசுவோர் உண்டு, எழுதியவர் வாலி. ‘தூங்காதே தம்பி தூங்காதே’ பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். கந்தர்வக் குரலில் ‘ராதே நீ என்னை விட்டு ஓடாதேடி’ என்று ஒரு பாட்டு, கேட்டவுடன் பாகவதர் என்று தோன்றும், அது 1950-இல் ‘கிருஷ்ண விஜயம்’ படத்துக்காக டி.எம். சௌந்தரராஜன் பாடிய முதல் சினிமாப் பாட்டு. பாகவதர் பாணியில் பாடத்தான் அவருக்கு அந்த வாய்ப்பே வந்தது, ஆகவே ஏமாந்தவரைக் குறை சொல்லவும் முடியாது.

இந்தப் பாட்டுகள் நம் தலைமுறைகளுக்கு வந்து சேர்ந்த வழி ரேடியோ. அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. 1952-இல் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சர் ஆனார், சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்பது அவர் கட்சி, அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய காணாமல் போனது. ஜனங்கள் என்ன செய்தார்கள்? முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பினார்கள். ரேடியோ சிலோன் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் குடியேறியது இப்படித்தான். அதன் அறிவிப்பாளர் மயில்வாகனனின் குரலைக் கேட்டு வளர்ந்தவர்களிடம் சென்னை வானொலியைப் பற்றிப் பேசினால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். போன கூட்டத்தைத் திரும்பக் கொண்டுவர 1957 அக்டோபர் 3-இல் விவித் பாரதி தொடங்கப்பட்டது. அந்தப் பொறி என்னவென்றால், ஹார்மோனியத்தைத் தடை செய்ததும் கேஸ்கர்தான் என்று பலர் பதில் சொல்வார்கள். அது தப்பு. ஹார்மோனியத் தடை 1940-இலேயே, வெள்ளைக்காரன் காலத்திலேயே வந்தது. இரண்டு தடையும் மனசில் ஒன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டது.

இந்தியாவில் ரேடியோ எப்போது தொடங்கியது என்றால் 1927 பம்பாய் என்று புத்தகம் சொல்லும். அது முறையான நிறுவனம் நடத்திய நிலையம். சென்னையில் கிருஷ்ணசாமி செட்டி என்பவர் முயற்சியில் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் 1924-லேயே ஒலிபரப்பியது. பணம் இல்லாமல் 1927-இல் மூடிவிட்டார்கள், கருவியை மாநகராட்சிக்குக் கொடுத்தார்கள், மாநகராட்சி 1930-இலிருந்து அதை வைத்துச் சொந்தமாக ஒலிபரப்பு நடத்தியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது 1938 ஜூன் 16. மூன்று தேதியும் சென்னை ரேடியோவின் தொடக்கம்தான், எதைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

டிவி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, தேதிகள் ஒழுங்காகப் பதிவாகியிருக்கின்றன. டெல்லி 1959 செப்டம்பர் 15, சென்னை 1975 ஆகஸ்ட் 15. கலர் வந்தது 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியோடு என்று எல்லோரும் சொல்வார்கள். நவம்பரில் நடந்த அந்தப் போட்டிக்கு முன்பே ஆகஸ்ட் 15 சுதந்திர தின விழாவைக் கலரில் காட்டிவிட்டார்கள், ஆனால் போட்டியைப் பார்ப்பதற்காகத்தான் கலர் பெட்டி வாங்கினார்கள் என்பதால் அதுவே மனசில் நின்றுவிட்டது.

விருதுக் கேள்விகளில் ரொம்ப நல்ல பொறி ஒன்று உண்டு. சிவாஜிக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது எந்தப் படத்துக்காகக் கிடைத்தது? கட்டபொம்மனுக்கு என்று கையைத் தூக்குவார்கள். கட்டபொம்மனுக்குக் கிடைத்தது 1960-இல் கெய்ரோ ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவின் சிறந்த நடிகர் விருது. தேசிய விருதில் சிறந்த நடிகர் பட்டம் அவருக்குக் கடைசி வரை கிடைக்கவே இல்லை. எம்.ஜி.ஆருக்கு 1971-இன் ‘ரிக்‌ஷாக்காரன்’ படத்துக்குக் கிடைத்தது. இதை வைத்து டீக்கடைச் சண்டை நடத்துவதற்கு முன் ஒரு விவரம்: நடிகர்களுக்கென்று அந்தத் தேசிய விருது தொடங்கியதே 1967-ஆம் வருஷப் படங்களிலிருந்துதான். ‘பராசக்தி’ 1952, கட்டபொம்மன் 1959, ‘பாசமலர்’ 1961, ‘கர்ணன்’ 1964. கொடுப்பதற்கு அப்போது விருதே இல்லை. ‘தில்லானா மோகனாம்பாள்’ மாதிரிப் பின்னால் வந்த படங்களுக்கு ஏன் இல்லை என்பது நியாயமான கேள்வி, அதை வேண்டுமானால் சண்டை போடுங்கள்.

இசைக்கான முதல் தேசிய விருது கே.வி. மகாதேவனுக்கு, ‘கந்தன் கருணை’க்காக. பின்னணிப் பாடகிகளில் முதல் ஆள் பி. சுசீலா, ‘உயர்ந்த மனிதன்’ படத்தின் ‘பால் போலவே’. பாடலாசிரியரில் முதல் ஆள் கண்ணதாசன், ‘குழந்தைக்காக’. எம்.எஸ். விஸ்வநாதனுக்கு எதற்கு என்று கேட்டால் பத்துப் படத்தின் பெயர் வரும். அவருக்குத் தேசிய விருது கிடைத்ததே இல்லை.

பத்திரிகையும் காமிக்ஸும் தனியாக எழுத வேண்டிய சமாசாரம், இரண்டு மட்டும் சொல்கிறேன். ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடரை எழுதிய ‘கலைமணி’ யார்? கொத்தமங்கலம் சுப்பு, நடிகரும்கூட, கோபுலுவின் படங்களோடு ஆனந்த விகடனில் வந்தது. இரும்புக்கை மாயாவி எந்த ஊர்க்காரர்? முத்து காமிக்ஸ் 1972-இல் சிவகாசியிலிருந்து முதல் இதழாகக் கொண்டுவந்ததால் அவரை நம் ஆளாகவே ஆக்கிவிட்டோம். பிறந்தது 1962-இல் ‘வேலியண்ட்’ என்ற பிரிட்டிஷ் வார இதழில், நிஜப் பெயர் லூயிஸ் கிராண்டெல். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும் என்பதில் மாற்றம் இல்லை.

கேள்வி தயாரிப்பவர்களுக்காகக் கடைசியாக ஒன்றை வைத்திருக்கிறேன், பரிசோதித்துப் பாருங்கள். விஸ்வநாதன்–ராமமூர்த்தி சேர்ந்து இசையமைத்த முதல் படம் 1952-இல் வந்த ‘பணம்’, இதில் தகராறு இல்லை. கடைசிப் படம் எது? ‘ஆயிரத்தில் ஒருவன்’, 1965 என்று சட்டென்று வரும். அத்தோடு பிரிந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் முப்பது வருஷம் கழித்து 1995-இல் ‘எங்கிருந்தோ வந்தான்’ படத்துக்கு இருவரும் மறுபடி சேர்ந்து இசையமைத்தார்கள். கேள்வியில் ‘பிரிவதற்கு முன்’ என்று போட மறந்துவிட்டால் 1995 என்று சொன்னவருக்குத்தான் மார்க் போட வேண்டும், பின்வரிசைக்காரர் விட மாட்டார்.